ஆர்மோனியம் என்னும் பெயர்

மந்தைகள் மேய்ந்த வெளி மந்தைவெளி ஆயிற்று என்பர். ஊர்ப் பெயருக்குப் பொருள் கூறும் நாம், நம் ஆலயங்களில் பல்லாண்டு ஒலித்த ஆர்மோனியப் பெட்டியின் பெயருக்குப் பொருள் என்ன என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இக்கருவிக்கு இப்பெயரைச் சூட்டியவர் அலெக்சாந்தர் தெபேன் என்னும் பிரெஞ்சுக்காரர். 1842-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். காலால் துருத்தியை மிதித்து, அக்காற்றினால் உலோக நாக்குகளை அதிரச் செய்யும் கருவி அது. தரையில் அமர்ந்து கையால் துருத்தியை இயக்கும் சிறு பெட்டியாக அதனை மாற்றிப் பரப்பியவர் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோஷ்.

‘ஆர்மோனியா’ என்னும் கிரேக்கச் சொல்லே இப்பெயரின் வேர். வியப்பு என்னவெனில், இச்சொல் முதலில் பாடகருடையதன்று; தச்சருடையது! மரத்தோடு மரத்தைச் சேர்க்கும் பொருத்துக்கே அப்பெயர். ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தில் ஒடிசியஸ் தாயகம் திரும்ப இருபது மரங்களை வெட்டி மிதவை அமைக்கிறான். ஆங்கு மரங்களைப் பிணைப்பவை முளைகளும் ஆர்மோனியாக்களுமே. சாந்தோம் கரையில் கட்டுமரங்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? மரங்களைப் பிணைத்த சொல் பின்னரே சுரங்களைப் பிணைக்கலாயிற்று.

நம் தமிழும் இதற்குச் சான்று பகர்கிறது. இசை என்றால் பாட்டு. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். இரு மொழிகளும் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றன.

ஆயினும் ‘இணைப்பு’ எனப் பெயர் பெற்ற இக்கருவியே ஒருகால் விலக்கப்பட்டது. அதன் சுரங்கள் அசையா. நம் இசையின் உயிரான கமகம் அதில் எழாது என்று கூறி, 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. அத்தடை தளர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. குறை உண்மையே. ஆனால் இசைப் பயிற்சி இல்லாத நூறு பேரை ஒரே சுருதியில் நிறுத்தும் ஆற்றலும் அதற்கே உண்டு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்த பின், இலத்தீன் அறியாத எளிய மக்களும் தமிழில் சேர்ந்து பாட இப்பெட்டி கைகொடுத்தது.

புனித பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில், திருச்சபை என்னும் கட்டடம் பொருந்தி இணைந்து வளர்வதைக் கூற இதே வேரிலிருந்து பிறந்த சொல்லையே ஆள்கிறார். பொருத்து என்பது ஒரே அளவான பலகைகளுக்கு மட்டும் உரியதன்று. வேறுபட்டவையும் தத்தம் இடத்தில் இசைந்து நிற்பது அது. இன்று பல ஆலயங்களில் ஆர்மோனியத்தின் இடத்தை மின்னணுக் கருவிகள் பெற்றுவிட்டன. பெட்டி மூலைக்குச் செல்லினும் அதன் பெயர் சொல்லும் பாடம் பழையதாகாது. யூபிலி காணும் பங்கு மக்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டியதும் அதுவே: இசைந்தால்தான் இசை!