வழிப்போக்கரும் வழியோரத்தாரும்: காதக்கல் முதல் சுங்கச்சாவடி வரை தமிழகப் பெருவழிகள்

தருமபுரி வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட கி.பி. 13ஆம் நூற்றாண்டுக் காதக்கற்கள், அதியமான் பெருவழி என்றொரு நெடும்பாதை இருந்ததைச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்று நாவல்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (காதம் என்பது பழைய தூர அளவு) என்று காட்டுகிறது. எழுத்தில் பொறித்ததோடு நில்லாமல், பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும் மீதிக்கு ஒன்பது சிறு குழிகளும் அக்கல்லில் வெட்டப்பட்டுள்ளன. எழுத்தறியாதவரும் தூரத்தை அறிய இந்த ஏற்பாடு என்பது ஆய்வாளர் கருத்து. பொதிமாட்டை ஓட்டி வருபவன் கையால் தடவிக்கூடக் கணக்கைத் தெரிந்துகொள்ளலாம்.

சாலை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசன், படை, வணிகம் என்ற வரிசையில் எழுதுகிறார்கள். இக்கட்டுரை வேறொன்றைக் கேட்கிறது: சாலையில் போகிறவருக்கும் சாலையோரத்தில் வாழ்கிறவருக்கும் இடையே இருந்த உறவு எப்படி மாறியது? சாலையின் செலவை யார் ஏற்றார்கள், பயனை யார் பெற்றார்கள் என்ற கேள்வியும் இதற்குள் அடங்கும்.

கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் பாறை ஒன்றில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் சோழர் காலக் கல்வெட்டு உள்ளது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டது. கொங்குநாட்டையும் சேரநாட்டையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைத்த பாதை இது. கொங்கு மண்ணில் புதையல் புதையலாக ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பதால், கல்வெட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கணவாய் வணிகர் நடந்த வழி என்பதில் ஐயமில்லை. வழியைக் காத்த நிழற்படை ஒன்றையும் இக்கல்வெட்டு குறிப்பதாகச் சொல்கிறார்கள். பெருவழிக்குக் காவற்படை தேவைப்பட்டது என்றால், வழிப்பறி செய்யும் ஆறலை கள்வரும் அங்கே இருந்தார்கள் என்றே பொருள். வழியோரத்தார் எல்லோரும் விருந்தோம்பிகளாக இருந்துவிடவில்லை.

ஆயினும் நடையும் மாட்டுவண்டியுமாகப் பயணம் இருந்த காலத்தில், வழிப்போக்கர் வழியோரத்தாரை நம்பியே ஆக வேண்டும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் நட்ட சுமைதாங்கிக்கல், தண்ணீர்ப் பந்தல், ஊருணி, சத்திரம் எல்லாம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் தென்மாவட்டங்களில் பழைய பாதையை மங்கம்மாள் சாலை என்று இன்றும் சொல்கிறார்கள். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரமும் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். சாலையோரம் என்பது அறம் செய்து புண்ணியம் சேர்க்கும் இடமாக இருந்தது.

இந்த அறத்தை அப்படியே மெச்சிவிட முடியாது. சத்திரத்தில் யார் எங்கே உண்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. சில தெருக்களில், சில பாதைகளில், ஒடுக்கப்பட்டோர் நடக்கவே முடியவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காகவே போராட்டம் தொடங்கியது. பெரியார் அதில் சிறை சென்றார். தமிழகத்தில் சாலை பொதுவானதன் வரலாற்றைத் தாரும் கருங்கல்லும் வந்த ஆண்டிலிருந்து தொடங்குவதைவிட, இந்த ஆண்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாலையின் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்விக்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். கும்பினி ஆட்சியில் உள்நாட்டுச் சரக்குக்கு வழியில் வாங்கிவந்த சுங்கம் சென்னை மாகாணத்தில் 1844இல் ஒழிந்தது. சாலைக்கென அரசு செலவிட்டது மிகக் குறைவு என்று ஆர்தர் காட்டன் போன்ற பொறியாளர்களே குறைபட்டார்கள். பின்னர் இரயில் நெடும்பயணத்தை எடுத்துக்கொண்டது. சாலைகள் நிலையங்களுக்குச் சரக்கு கொண்டுசேர்க்கும் கிளைகளாயின. உள்ளூர் நிதிச் சட்டமும் 1884ஆம் ஆண்டின் தல வாரியச் சட்டமும் சாலைப் பராமரிப்பை மாவட்ட, வட்ட வாரியங்களிடம் சேர்த்தன. அதற்கான பணத்தில் பெரும்பங்கு நிலத்தின் மீதான வரியிலிருந்து வந்தது. விவசாயி பணம் கட்டினார், வண்டிகள் ஓடின. வாரியங்கள் சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விட்டுக் கொஞ்சம் ஈட்டின. நிழல், புளி, வருமானம் மூன்றையும் தந்த அந்த மரங்கள் வழியோரத்தாருக்கும் சாலைக்கும் இருந்த உறவுக்கு நல்ல சான்று.

திருப்பம் மோட்டார் வண்டியால் வந்தது. 1927இல் அமைந்த ஜெயகர் குழு, பெட்ரோல் மீது வரி விதித்துச் சாலை நிதி திரட்டப் பரிந்துரைத்தது; 1929இல் மத்திய சாலை நிதி ஏற்பட்டது. சாலையை நடத்துவது அதில் ஓடும் வாகனத்தின் பணம் என்ற கருத்து இங்கே வேர்விட்டது. சாலைத் திட்டமும் மெல்ல மெல்ல ஊரின் கையிலிருந்து விலகியது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் அந்த விலகலுக்குச் சட்ட வடிவம் தந்தது.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 1970களில் பேருந்துகள் நாட்டுடைமையாகிப் பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களில் ஓடியபோதும் நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்துதான் வந்தது. பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கடைத்தெரு வளர்ந்தது. லாரித் தொழிலால் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணற்று வண்டிகளால் திருச்செங்கோடும் இந்தியா முழுதும் அறிமுகமாயின. அந்த வளர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு: வீட்டைவிட்டு மாதக்கணக்கில் ஓடிய லாரித் தொழிலாளர் வழியே எச்.ஐ.வி. பரவி, நாமக்கல் வட்டாரக் குடும்பங்கள் பெருந்துயரம் கண்டன.

1998இல் அறிவித்த தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டம் உறவைத் தலைகீழாக்கியது. அதில் தங்க நாற்கரச் சாலை மட்டும் 5,846 கிலோமீட்டர். ஸ்ரீநகர்–கன்னியாகுமரித் தடம் வேறு. தமிழகத்தின் முக்கியச் சாலைகள் நான்கு வழியாகி, ஊர்களை ஒதுக்கிப் புறவழியில் சென்றன. புளியமரங்கள் சாய்ந்தன. அரசுப் பேருந்துகளிலேயே ‘பைபாஸ் ரைடர்’ என்ற பலகை தொங்கியது. ஊருக்குள் நுழையாததே அதன் பெருமை. பழைய சாலையில் டீக்கடை வைத்திருந்தவர் வாடிக்கையாளரை இழந்தார், புதிய சாலையில் மோட்டல் எழுந்தது. பயணநேரம் குறைந்தது, மருத்துவமனைக்கு விரைவாகப் போக முடிந்தது, தொழிற்சாலைகள் வந்தன. இவற்றைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் வீடு ஒருபக்கமும் வயல் மறுபக்கமுமாக ஆன கிராமத்தாருக்குச் சாலையைக் கடப்பதே ஆபத்தாயிற்று. தருமபுரியின் தொப்பூர் கணவாய் இறக்கம் விபத்துகளால் பெயர் பெற்றது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான தமிழக அரசின் திட்டம் 2021இல் வந்தது. பழைய சத்திரங்களின் வேலையை இப்போது அரசுத் திட்டம் செய்கிறது எனலாம்.

மதுக்கடை விவகாரம் இன்னொரு விசித்திரம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், ஓட்டுநரைக் காக்க எண்ணிய அந்த உத்தரவால் கடைகள் ஊருக்குள் இடம் தேடின. பெண்கள் அவற்றை மறித்தார்கள். சாலைக்கு வந்த பாதுகாப்பின் விலை மீண்டும் வழியோரத்தார் தலையில் விழுந்தது.

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு 2018இல் நிலம் அளக்க வந்தபோது எழுந்த எதிர்ப்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 277 கிலோமீட்டர் தூரத்துக்கு நிலம் தருபவர், அந்தச் சாலையில் ஏறவும் இறங்கவும் வாய்ப்புக் குறைவானவர். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. மேற்கொண்டு செல்லச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றும் சொன்னது.

மதுரை மாவட்டம் கப்பலூர் சுங்கச்சாவடியில் தகராறின் அளவு சிறியது, ஆனால் கேள்வி அதேதான். 2008ஆம் ஆண்டின் கட்டண விதிகள், சாவடி நகராட்சி எல்லையிலிருந்து பொதுவாக 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்கின்றன. திருமங்கலம் நகரை ஒட்டியே இச்சாவடி இருப்பதாகச் சொல்லி, அதை அகற்றக் கோரி ஊர்மக்கள் பலமுறை மறியல் செய்திருக்கிறார்கள். அதே விதிகள் 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் சொந்த வாகனத்துக்குச் சலுகை விலையில் மாதப் பாஸ் தருகின்றன. பக்கத்து ஊருக்குப் போகப் பாஸ் எதற்கு என்பது திருமங்கலத்தாரின் வாதம்.