பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். எழும்பூர் தாண்டியதும் பார்க் ஸ்டேஷன். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, சென்ட்ரலைப் பார்த்து ஓடுவீர்கள். என்றைக்காவது ஒரு நிமிஷம் நின்று, 'அது சரி... பார்க் எங்கே?' என்று யோசித்திருக்கிறீர்களா?

நான் யோசித்ததில்லை. என் ஏழு வயது மகள் யோசித்தாள். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ரயிலுக்குக் காத்திருந்தோம். "பார்க் எங்கேப்பா?" என்றாள். "அதெல்லாம் பேரு மட்டும்தான்மா" என்று சமாளித்தேன். கூட வந்த என் அப்பா விடவில்லை.

"பேரு மட்டும் இல்லடா. நாங்க உயிர் காலேஜ் பார்க்க வந்து இறங்கினதே இங்கேதான்!"

உயிர் காலேஜ்! இளைய வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மெட்ராஸ் பாஷையில் மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. பாடம் செய்த மிருகங்கள் இருக்கும் இடம் அல்லவா! 1851-ல் மியூசியம் முதலில் தொடங்கியது காலேஜ் ரோடில், கோட்டைக் கல்லூரியின் மாடியில். 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது அதனால்தான் என்பார்கள்.

செத்த காலேஜுக்கும் உயிர் காலேஜுக்கும் அப்பா ஒருவரே. எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். மியூசியத்தின் பொறுப்பாளராக இருந்த அவர், எழும்பூர் வளாகத்தில் ஒரு புலியையும் சிறுத்தையையும் உயிரோடு வைத்திருந்தார். அவ்வளவுதான், ஜனங்கள் திமுதிமுவென்று வர ஆரம்பித்துவிட்டார்கள். 'அட, இது நல்ல யோசனையாக இருக்கிறதே' என்று, ஆற்காடு நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களையும் வாங்கிவந்தார். 1855-ல் மிருகக்காட்சி சாலை பிறந்தது. ஒரே வருஷத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள்! மியூசியம் தாங்குமா? வேறு இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்தைத் தந்தவர் ஒரு விசித்திரமான மனிதர். சர் சார்லஸ் ட்ரெவெல்யன். 1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்தார். 1840-களில் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து, நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டினார் என்று ஐரிஷ்காரர்கள் இன்றைக்கும் அவரைத் திட்டுகிறார்கள். அதே மனிதர், பிற்பாடு ஜார்ஜ் டவுன் ஆன நெருக்கடியான பகுதிக்கு மேற்கே, 116 ஏக்கரில் ஒரு பூங்காவுக்கு ஏற்பாடு செய்தார். பெயர் 'பீப்பிள்ஸ் பார்க்'. மக்கள் பூங்கா!

குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாத்திய மேடை... 1860-களின் தொடக்கத்தில் மிருகக்காட்சி சாலையும் அங்கே குடிவந்தது. 1873-ல் பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷன். அப்புறம் கேட்க வேண்டுமா? வெளியூர்க் குடும்பங்கள் ரயிலைவிட்டு இறங்கினால், நடந்தே உயிர் காலேஜ்.

ட்ரெவெல்யனுக்குத்தான் அங்கே உலாவக் கொடுத்து வைக்கவில்லை. 1860-ல் வருமான வரி கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துத் தன் கருத்தைப் பத்திரிகையிலேயே வெளியிட்டார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. நான் பி.காம். படித்தபோது வருமான வரிப் பாடத்தில் இவருடைய பெயர் வரவே இல்லை. வந்திருந்தால் கூடுதல் மரியாதையோடு படித்திருப்பேன்!

பூங்காவுக்குச் சோகமும் உண்டு. டிசம்பரில் அங்கே 'பார்க் ஃபேர்' என்று பொருட்காட்சி நடக்கும். 1886-ன் கடைசி நாளில் பந்தலில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஜனங்கள் பூங்காவைக் கைவிடவில்லை.

பூங்கா கரைந்தது நெருப்பால் அல்ல, நல்ல காரியங்களால்.

முதலில் விக்டோரியா பப்ளிக் ஹால். ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டாமா? வேண்டும்தான். அடுத்து, பிராட்வேயில் தெருவை அடைத்துக் கடை போட்டவர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்று 1900-ல் மூர் மார்க்கெட். அதுவும் நியாயம். 1913-ல் மாநகராட்சிக்காக ரிப்பன் கட்டடம். அப்புறம் ஸ்டேடியம். எதைத் தப்பு என்பீர்கள்? ஒவ்வொன்றும் தேவை. ஒவ்வொன்றும் 'கொஞ்சம் இடம்தானே' என்று கேட்டது.

கணக்குப் பதிவியலில் ஒரு சங்கடம் உண்டு. கட்டடத்துக்கு ஒரு மதிப்பு எழுதலாம். மார்க்கெட்டுக்கு வாடகை வரும். ஒரு குழந்தை புல்லில் ஓடுவதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? வரவா, செலவா? பேரேட்டில் பூங்காவுக்கு ஒரே பெயர்தான்... காலி மனை. காலி மனை காலியாகவே இருக்க விடுவார்களா?

1970-களின் நடுவில், மிருகக்காட்சி சாலைக்கு ஊருக்குள் இனி வளர வழியில்லை என்று ஆகிவிட்டது. வண்டலூரில் 1,265 ஏக்கர் காட்டு நிலம் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24-ல் முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். அதே வருஷம் மே 30-ல்தான் மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலானது. பழைய புத்தகமும் லவ் பேர்ட்ஸும் வாங்கித் தின்பண்டத்தோடு வீடு திரும்பிய குடும்பங்களுக்கு, ஒரே கோடையில் இரண்டு முகவரிகள் தொலைந்தன. மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம்.

வண்டலூர் போனது மிருகங்களுக்கு நல்லதுதான். சந்தேகமே வேண்டாம். புலிக்குக் கூண்டுக்குப் பதில் மரமும் மண்ணும் கிடைத்தன. ஆனால், புலி காலி செய்த இடம் குழந்தைகளுக்குக் கிடைத்ததா?

ஸ்டேடியத்தை ஒட்டியிருக்கும் மை லேடீஸ் பூங்கா, அந்த 116 ஏக்கரில் மிச்சமான துண்டு. அப்புறம் இரண்டு பெயர்கள்: பார்க் ஸ்டேஷன், பார்க் டவுன். சொத்து போய்விட்டது, பத்திரம் மட்டும் கையில் இருக்கிறது.

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் மகள் தாத்தாவிடம் கேட்டாள்: "ஜூ இங்கேயே இருந்துச்சுன்னா, நாம ஏன் தாத்தா இவ்ளோ தூரம் போறோம்?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேள்வி என் பக்கம் வந்தது. முப்பது கிலோமீட்டர் போயும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

உங்கள் தெருவில், உங்கள் பேட்டையில் ஒரு சின்னப் பூங்கா இருக்கும். துருப்பிடித்த ஊஞ்சல், பாதி உடைந்த சறுக்குமரம்... பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கே அழைத்துக்கொண்டு போங்கள். ஆள் நடமாட்டம் இருக்கும் வரைக்கும்தான் அதற்குப் பூங்கா என்று பெயர். இல்லையென்றால் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்!