ரக்பி ஸ்க்ரம்: முன்வரிசைப் பயிற்சி

ரக்பி யூனியன் ஆட்டத்தில் பந்து கைதவறி முன்னால் விழுந்தாலோ, முன்னோக்கி வீசப்பட்டாலோ நடுவர் பெரும்பாலும் ஸ்க்ரம் கொடுப்பார். அணிக்கு எட்டுப் பேர் கைகோத்துக் குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டி நின்று, நடுவே போடப்படும் பந்துக்காகத் தள்ளுவார்கள். எதிராளியோடு தோள் முட்டுவது முன்வரிசையின் மூவர் மட்டுமே: இடப்புறம் 1ஆம் எண் லூஸ்ஹெட் ப்ராப், நடுவில் 2ஆம் எண் ஹூக்கர், வலப்புறம் 3ஆம் எண் டைட்ஹெட் ப்ராப். பின்னாலிருக்கும் ஐவரின் பலமும் இந்த மூவரின் உடல் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். முதுகு வளைந்துவிட்டால் 120 கிலோ ஆளாலும் பயனில்லை. அந்த பலம் வளைவிலேயே கரைந்துவிடும்.

எனவே, நல்ல பயிற்சியாளர் தள்ளச் சொல்வதற்கு முன் நிற்கச் சொல்லித் தருகிறார். முதல் பாடத்துக்கு எதிராளியே தேவையில்லை. கையும் காலும் ஊன்றி, முழங்கால்களைத் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் மட்டும் தூக்கி, முதுகைத் தட்டையாக வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். நெஞ்சு விரிந்து, தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கி, மோவாய் நெஞ்சில் படாமல் இருக்கிறதா என்று பயிற்சியாளர் சுற்றிவந்து பார்ப்பார். மோவாய் நெஞ்சில் பதிந்தால் கழுத்து மடங்கும். ஸ்க்ரம் சரியும்போது பேராபத்து அங்கேதான். தோள் இடுப்பைவிடத் தாழக் கூடாது என்பது விதியும்கூட. இது கைவந்த பிறகே ஒருவருக்கு ஒருவர், மூவருக்கு மூவர், கடைசியில் எட்டுக்கு எட்டு என்று ஆள் கூட்டுவார்கள். எதிரணிக்குப் பதிலாகத் தள்ளிப் பழகும் ஸ்க்ரம் இயந்திரம் இடையிடையே உதவும். ஆனால் அது இழுக்காது, திருகாது, ஏமாற்றாது. எதிரணி ப்ராப் இவை மூன்றையும் செய்வார்.

அடுத்தது பிடி. லூஸ்ஹெட் தன் இடக்கையை எதிரணி டைட்ஹெட்டின் வலக்கைக்கு உட்புறமாகக் கொண்டுபோய், அவருடைய முதுகிலோ விலாப்பக்கத்திலோ சட்டையைப் பற்ற வேண்டும். டைட்ஹெட்டின் வலக்கை வெளிப்புறமாகச் சுற்றி வரும். மார்பு, கை, கழுத்துப்பட்டி ஆகியவற்றைப் பிடிப்பது குற்றம். இங்கே கவனிக்க வேண்டியது முழங்கை. அது உயர்ந்திருந்தால் தோளும் முதுகும் நிமிர்ந்திருக்கும். தரையைப் பார்த்து இறங்கினால் எதிராளியைக் கீழே இழுப்பதாகவே நடுவர் எடுத்துக்கொள்வார். இரண்டு ப்ராப்களின் வேலையும் ஒன்றல்ல. லூஸ்ஹெட்டின் ஒரு தோள் வெளியே விடுபட்டிருக்கும். டைட்ஹெட்டின் தலையோ எதிரணி ஹூக்கருக்கும் லூஸ்ஹெட்டுக்கும் இடையில் அகப்பட்டிருக்கும். இரு தோளிலும் சுமை தாங்கும் டைட்ஹெட்டைத் தேர்ச்சி பெறச் செய்ய ஆண்டுகள் பிடிக்கும்.

இந்தக் கலைக்குப் பெயர்போன இடம் வேல்ஸின் பாண்டிபூல். அங்கே ரே ப்ராசர் பயிற்றுவித்த சார்லி ஃபாக்னர், பாபி வின்ட்ஸர், கிரஹாம் ப்ரைஸ் ஆகிய மூவரும் 1975 முதல் வேல்ஸ் தேசிய அணியின் முன்வரிசையாகவும் சேர்ந்தே ஆடினார்கள். ப்ராசரின் முறை முரட்டுத்தனமானது. ஊர்ப் பூங்காவின் செங்குத்தான மேட்டில் வீரர்களை ஓடவிடுவார். நியூசிலாந்தின் மைக் க்ரான் வேறு வகை. போலீஸ்காரராக இருந்தவர், 2004இல் அந்நாட்டுத் தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் ஸ்க்ரம் பொறுப்பை ஏற்றவர். குறைந்த இடத்தில் பலத்தைக் குவிப்பது எப்படி என்று சுமோ மல்லர்களிடமும் பாடம் தேடினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே பாரிஸில் பிரான்ஸை 45–6 என்று நியூசிலாந்து வென்றது. வெற்றியின் அச்சாணி ஸ்க்ரம்தான்.

முன்பெல்லாம் மோதும் கணத்தில் யார் முந்துகிறார் என்பதிலேயே பாதி வெற்றி இருந்தது. 2013இல் “க்ரௌச், பைண்ட், செட்” என்ற கட்டளை முறை வந்தது. குனி, பிடி, பிறகே சேர் என்பதால் பாய்ந்து முட்டுவதற்கான இடைவெளி குறைந்தது. மோதல் விசை ஏறக்குறைய 25 சதவீதம் தணியும் என்று பாத் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பயிற்சியும் அதற்கேற்ப மாறி, பாய்ச்சலை விட்டு, சேர்ந்த பின் நிலைகுலையாமல் தாங்குவதில் நேரத்தைச் செலவிடத் தொடங்கியது. 2022இல் ஹூக்கர் ஒரு காலை முன்னே ஊன்றி நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது; “செட்” கட்டளைக்கு முன்பே எடை முழுதும் எதிரணியின் கழுத்தில் இறங்காமல் தடுக்கவே இது.

பாதுகாப்பில் பயிற்சியாளரின் பங்கை நியூசிலாந்து நன்றாகக் காட்டியது. 2001இல் தொடங்கிய ‘ரக்பிஸ்மார்ட்’ திட்டம் ஆண்டுதோறும் பயிற்சியாளர்களையும் நடுவர்களையும் கட்டாயமாகப் படிக்கவைத்தது. முந்தைய போக்கின்படி 2001 முதல் 2005 வரை ஸ்க்ரமில் 9 முதுகுத்தண்டுக் காயங்கள் எதிர்பார்க்கப்பட்டன, நேர்ந்தது 1. ஆஸ்திரேலியாவிலோ, ஆபத்தில் சிக்கியவர் “மேடே” என்று கத்தினால் எல்லோரும் தள்ளுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று பழக்குகிறார்கள்.

முன்வரிசை பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியே சாட்சி. யோகோஹாமாவில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் இங்கிலாந்து டைட்ஹெட் கைல் சிங்க்லர் தலையில் அடிபட்டு வெளியேறினார். பதிலுக்கு வந்த டான் கோலை தென்னாப்பிரிக்காவின் டெண்டாய் ம்டவரீரா திணறடித்தார். பெனால்டி மேல் பெனால்டி விழ, தென்னாப்பிரிக்கா 32–12 என்று கோப்பையை எடுத்தது. 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் அதே அணியின் டேமியன் வில்லம்ஸ, தன் எல்லைக்குள் பந்தைப் பிடித்துப் பெற்ற ஃப்ரீ கிக்கை உதைக்காமல் ஸ்க்ரம் கேட்டார். பிரான்ஸின் முன்வரிசையை அந்த இடத்திலிருந்தும் தள்ளிவிடலாம் என்ற தெம்பு. ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கும் உரிமையை 2024இல் விதி நீக்கிவிட்டது.