மண்ணுள் மறைந்தவையும் மறைநோக்கும்: மாதோட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மாதோட்டம் என்னும் பெயர் தமிழ் கற்ற எவருக்கும் புதியதன்று. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிப் பரவிய திருக்கேதீச்சரம், பாலாவியின் கரையில் இம்மாதோட்டத்திலேயே அமைந்திருந்தது. பாளி நூல்கள் இத்துறைமுகத்தை மகாதித்த எனக் குறிப்பிடுகின்றன. இன்றைய வழக்கில் இது மாந்தை எனப்படும். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியைக் கடந்து இவ்விடத்தை அடைவோர் காண்பது குதிரை லாட வடிவிலான ஒரு மேடு, அதனைச் சூழ்ந்த இரட்டை அகழியின் தடம், காலிற் படும் ஓட்டுத் துண்டுகள், நடுவே புதுப்பிக்கப்பட்ட ஆலயம் ஆகியவை மட்டுமே. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கீழைக்கடலையும் மேலைக்கடலையும் இணைத்து நின்ற ஒரு நகரம் அம்மண்ணின் கீழ்க் கிடக்கின்றது.

மண்ணுள் மறைந்ததை மேலே நிற்கும் மனிதன் எவ்வாறு அறிகின்றான்? இவ்வினாவிற்கு உலகெங்கும் இரு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. ஏட்டையும் கல்வெட்டையும் நிலத்தோற்றத்தையும் ஆராய்ந்து, பின் அகழ்ந்து பார்த்து அறிதல் ஒன்று. கவைக்கோல், ஊசல், மை, குறி முதலியவற்றால் அகழாமலே 'காணுதல்' மற்றொன்று. இரண்டாவதனை மறைநோக்கு என இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாடு யாது, அது மன்னார் மண்ணைப் பொறுத்தவரை ஏன் முதன்மை பெறுகின்றது என்பவற்றை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

நீரும் கவைக்கோலும்

மறைநோக்கு நம்மிடையே பெரிதும் பயின்று வருவது கிணறு வெட்டுமிடத்திலாகும். கவைக்கோலை இரு கையிலும் பிடித்தோ, உள்ளங்கையிலே தேங்காயை வைத்தோ நிலத்தில் நடந்து, கோல் தாழுமிடத்தில் அல்லது தேங்காய் எழுமிடத்தில் நீரோட்டம் உண்டெனக் கூறுவோர் ஈழத்திலும் தமிழகத்திலும் பலராவர். அவர் சொன்ன இடத்தில் நீர் கிடைத்ததென்பதே அவர்க்குரிய பெருஞ் சான்றாகக் காட்டப்படும்.

ஆயின், மன்னார்த் தீவின் நில அமைப்பை நோக்குவோர் இச்சான்றின் வலிமையை ஐயுறுவர். அங்கு மழைநீர் மணலினூடு இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. ஆகவே பல இடங்களிற் சிறிது ஆழம் தோண்டினாலே நீர் ஊறும். அளவுக்கு மீறி ஆழப்படுத்தினும் இறைத்தாலும் உவர் ஏறும். இத்தகைய நிலத்திலே கோல் வென்றது என்பதற்கும் நிலம் ஈந்தது என்பதற்கும் வேறுபாடு காண்பது அரிது. கோல் தாழாத இடத்தையும் தோண்டிப் பார்த்தாலன்றி உண்மை புலனாகாது. அதனையோ எவரும் செய்வதில்லை.

இங்கு வராகமிகிரரின் பிருகத் சங்கிதை நினைக்கத்தக்கது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூலில் நிலத்தடி நீர் பற்றிய ஓர் இயல் உள்ளது. இன்ன மரம், அதன் இன்ன திசையில் புற்று, இத்தனை ஆழத்தில் நீர் என அது அடையாளங்களை வகுத்துரைக்கின்றது. அக்கூற்றுக்களுள் எத்தனை சரியானவை என்பது வேறு வினா. ஆனால் அவை பிறர் சென்று பார்த்து ஏற்கவோ மறுக்கவோ கூடிய கூற்றுக்கள். மரமும் புற்றும் எல்லோர் கண்ணுக்கும் உரியவை. கோலின் அசைவோ அதனைப் பிடித்தவர் கைக்கு மட்டுமே உரியது.

அக்கையசைவின் காரணமும் ஆராயப்பட்டுள்ளது. ஐரோப்பாவிற் சுரங்கத் தொழிலாளர் கவைக்கோல் பயன்படுத்தியதை அகிரிகோலா 1556இல் வெளிவந்த தமது நூலிற் குறித்து, அறிவுடையோன் நிலத்தின் இயற்கை அடையாளங்களையே நாடுவான் என்று கருத்துரைத்தார். 1833இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரல், கையிற் பிடித்த ஊசல், பிடித்தவர் எதிர்பார்க்கும் திசையில், அவரையறியாமலே ஆடுவதை எடுத்துக்காட்டினார். 1852இல் ஆங்கில உடலியலறிஞர் கார்ப்பென்டர், எண்ணமே தசையை இயக்கும் இந்நிகழ்ச்சிக்கு விளக்கமும் பெயரும் தந்தார். கோலைப் பிடித்தவர் பொய்யர் அல்லர் என்பதும், ஆயினும் கோல் அவர் மனத்தையே காட்டுகின்றது என்பதும் இவற்றால் விளங்கும். 1980களின் பிற்பகுதியில் மியூனிக் அருகே நடைபெற்ற சோதனையில் ஏறத்தாழ 500 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 43 பேர், களஞ்சியமொன்றின் கீழ்த்தளத்தில் நகர்த்தி வைக்கப்பட்ட நீர்க்குழாயின் இடத்தை மேற்தளத்தில் நின்று 843 தடவை கூற முயன்றனர். நடத்தியவர்கள் சிலர்க்கு அவ்வாற்றல் உண்டெனக் கண்டனர். 1999இல் அத்தரவுகளை மீள ஆராய்ந்த என்றைற், பெறுபேறு தற்செயலின் எல்லையைத் தாண்டவில்லை எனக் காட்டினார்.

கிளாஸ்டன்பெரியின் பாடம்

நீரைத் தேடிய முறை தொல்லிடங்களைத் தேடவும் எடுத்தாளப்பட்டது. அதற்குப் புகழ்பெற்ற உதாரணம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பெரி மடமாகும். கட்டடக் கலைஞரான பிரெடெரிக் பிளை பொண்ட் 1908 முதல் அங்கு அகழ்வை நெறிப்படுத்தினார். அவர் தம் நண்பர் பார்ட்லெற்றுடன் அமர்ந்து வினாக்களை எழுப்ப, நண்பரின் கை தானாக எழுதிற்று. மடத்தில் முற்காலத்தில் வாழ்ந்திறந்த துறவியரே அவ்வாறு எழுதுவித்ததாக அவ்வேடுகள் கூறின. அவை காட்டிய கிழக்குத் திசையிலே எட்கர் சிற்றாலயத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. 1918இல் இவ்வனைத்தையும் பொண்ட் நூலாக வெளியிட்டார். விளைவாக மூண்ட அதிருப்தியினால் 1920களின் தொடக்கத்தில் அப்பணியினின்றும் நீக்கப்பட்டார்.

இதிற் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. எட்கர் சிற்றாலயம் இருந்தது என்னும் செய்தி 16ஆம் நூற்றாண்டில் லேலண்ட் எழுதிய குறிப்புக்களிலேயே உள்ளது. பொண்ட் அம்மடத்தின் பழைய குறிப்புக்களையும் கோயிற் கட்டட மரபையும் நன்கு கற்றவர். எனவே அவர் அறிந்தவையே, அவரறியாத வழியில், இறந்தோர் குரலாக அவரிடம் திரும்பி வந்தன எனக் கொள்ளுதல் பொருந்தும். அகழ்வு பொய்யன்று; அடித்தளமும் பொய்யன்று. அறிவு எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே மறைக்கப்பட்டுவிட்டது. மூலம் மறைந்தவிடத்து, பிறர் அதனைச் சோதித்துப் பார்ப்பதற்கும் வழியின்றிப் போகின்றது.

மாதோட்டம் கண்டறியப்பட்ட முறை

இதனோடு திருக்கேதீச்சரம் மீட்கப்பட்ட வரலாற்றை ஒப்புநோக்குதல் பயனுடையது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய பின் ஆலயம் அழிக்கப்பட்டதென்பதும், அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பதும் மரபாக வழங்குஞ் செய்திகள். காலப்போக்கில் அவ்விடம் காடாயிற்று. 1872இல் ஆறுமுக நாவலர், பாடல் பெற்ற இத்தலம் பாழடைந்து கிடப்பதை எடுத்துரைத்து அதனை மீட்குமாறு சைவ மக்களை வேண்டினார். மன்னாரில் அரச அதிகாரியாக விளங்கிய போக், 1887இல் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் இவ்விடம் பற்றி எழுதினார். 1893இல் நிலம் வாங்கப்பட்டது. 1894இல் காடு வெட்டி அகழ்ந்தபோது பழைய ஆலயத்திற்குரிய இடமும் சிவலிங்கம் முதலிய திருவுருவங்களும் வெளிப்பட்டன. 1903இல் சிறிய ஆலயமொன்றிற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. பின்னர் 1948இல் தொடங்கிய திருப்பணிச் சபையின் முயற்சியால் எழுந்த பேராலயத்திற்கு 1976இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

அடியார் இதனைத் திருவருட் செயல் என்பர். அது பத்தியின் மொழி. வரலாற்று மாணவன் அதனோடு வழக்காட வேண்டியதில்லை. ஆனால் நாவலர் காட்டிய ஆதாரம் எல்லோரும் ஓதக்கூடிய பதிகம். பாலாவி எது, மாதோட்டம் எது என எவரும் கேட்கலாம், ஏற்கலாம், மறுக்கலாம். கிளாஸ்டன்பெரியிலும் மாதோட்டத்திலும் பழைய எழுத்தே வழிகாட்டிற்று. ஒன்றிலே அது ஆவியின் வாக்காக வேடம் பூண்டது. மற்றதிலே எழுத்தாகவே முன்வைக்கப்பட்டது. இவ்வேறுபாடு சிறிதன்று.

மேலும், அகழ்வு நாம் தேடாதவற்றையும் தருகின்றது. தாழிகுமரன் என்பான் மாதோட்டத்தில் இராசராசேச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்தான் எனச் சோழர் காலக் கல்வெட்டொன்று கூறுகின்றது. பதிகத்தை மட்டும் கற்றவர்க்கு இது புதுச் செய்தி. 1920களில் ஹோகார்ட், 1950 அளவில் சண்முகநாதன் ஆகியோரின் அகழ்வுகளுக்குப் பின்னர், 1980 முதல் 1984 வரை கார்ஸ்வெல் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு, சீன மட்பாண்டங்களையும் மேற்காசிய மெருகிட்ட கலங்களையும் வெளிக்கொணர்ந்தது. நகருக்கு நெடுங்காலம் முன்னரே நுண்கற்கருவி வழங்கிய மக்கள் அங்கிருந்தனர் என்பதும் தெரியலாயிற்று. போர் மூண்டதால் அப்பணி நின்றது; முழு அறிக்கை 2013இலேயே நூலுருப் பெற்றது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழப்பட்ட மண்ணை நீரிலிட்டு, மிதந்து வந்த கருகிய தாவர எச்சங்களை அரித்தெடுத்து ஆராய்ந்தபோது நெல்லும் மிளகும் ஒரேயொரு கராம்பும் கிடைத்தன. மலுக்குத் தீவுகளில் விளைந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மாதோட்டத்தை அடைந்த கராம்பு அது. மறைநோக்காளர் பொன்னையும் சிலையையும் அரசரின் கல்லறையையும் காண்பார். கருகிய கராம்பைக் காண்பதில்லை. மனம் விரும்பாத ஒன்றை மை காட்டுவதில்லை என்பதே இதன் பொருள்.

புதையலும் புதைகுழியும்

மறைநோக்கைத் தீங்கற்ற நம்பிக்கையெனத் தள்ளிவிடுதற்கு இடமில்லை. மையிலே புதையலைக் கண்டதாகக் கூறும் மந்திரவாதியின் சொல்லை நம்பித் தொல்லிடங்களை இரவில் தோண்டுவது இலங்கையில் நெடுநாளைய கேடு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இதனைக் குற்றமாக்கியுள்ள போதும் அது ஓயவில்லை. அகழ்வாளனுக்கு மண்படையே ஏடு. எப்படையில், எதனோடு, எவ்வாழத்தில் ஒரு பொருள் கிடந்தது என்பதிலேயே அதன் வரலாறு அடங்கியுள்ளது. படை கலைந்த பின்னர் பொன் கிடைப்பினும் வரலாறு கிடைப்பதில்லை.

இதனினும் கனத்த வினாவொன்று மன்னார் மண்ணில் உண்டு. 2013 டிசம்பரில், திருக்கேதீச்சரத்தின் அருகே நீர்க்குழாய் பதிக்க வெட்டிய குழியில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. 80க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டன. 2018இல் மன்னார் நகரிற் சதொச கட்டடத்திற்கு அத்திவாரம் வெட்டியபோது மற்றொரு புதைகுழி தோன்ற, நீதிமன்றின் மேற்பார்வையில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. குழந்தைகளுடையனவும் அவற்றுள் இருந்தன. காணாமற் போன மகனைத் தேடிப் படைமுகாம், அலுவலகம், ஆணைக்குழு என அலைந்து, எங்கும் விடை பெறாத தாய் குறி கேட்கவும் சாத்திரம் பார்க்கவும் போவது நாமறிந்ததே. ஆள் உயிரோடு உண்டென்று தெய்வமாடுபவர் சொன்ன ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே ஆண்டுகளைக் கழித்தோர் உளர். அவர்களை நகைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆறுதல் அளிப்பது வேறு, சான்று அளிப்பது வேறு என்பதையே நாம் வற்புறுத்துகின்றோம்.

சதொச புதைகுழியிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்திற்கு அனுப்பப்பட்டன. அவை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தன என 2019இல் முடிவு வந்தது. காணாமற் போனோரின் உறவினர்க்கு அது பேரதிர்ச்சி. ஆறு மாதிரிகள் முந்நூறு உடல்களுக்கும் போதுமா, மேலும் சோதிக்க வேண்டாவா என அவர்கள் சார்பிற் கேள்விகள் எழுந்தன. அக்கேள்விகள் அறிவியலுக்குப் பகையல்ல, அறிவியலின் பகுதியே. மாதிரியின் எண்ணிக்கையையும், எடுத்த இடத்தையும், முறையையும் கேட்க முடிகின்றது. மீளச் சோதிக்குமாறு கோரவும் முடிகின்றது. குறி சொன்னவரிடம் இவ்வாறு கேட்க இயலாது.

மறுபுறம், அம்முடிவைக் கண்டவுடன், 1544இல் மன்னாரிற் புதிதாகக் கிறித்தவம் தழுவிய ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்ட நிகழ்ச்சியோடு இதனை முடிச்சிட்டுவிடும் ஆவல் வரலாற்று மாணவனுக்கும் எழலாம். ஆண்டு இடைவெளிக்குள் பொருந்துகின்றதென்பது உண்மையே. ஆயின் 231 ஆண்டுகள் கொண்ட அவ்விடைவெளியிற் போரும் நோயும் பஞ்சமும் எத்தனையோ நிகழ்ந்திருக்கலாம். கரிமம் காலத்தைச் சொல்லும். கொன்றவன் பெயரையோ இறந்தவன் சமயத்தையோ சொல்லாது. அறிந்த ஏட்டுச் செய்தியை அறியாத எலும்பின் வாயில் ஏற்றிப் பேசுவிப்போமாயின், பொண்டின் நண்பர் எழுதிய ஏடுகளுக்கும் நம் ஆய்வேட்டிற்கும் வேறுபாடு இராது. பல்கலைக்கழகத்திலும் மை பார்ப்பவர் உண்டு. அவர் கையில் வெற்றிலைக்குப் பதிலாக நூல் இருக்கும், அவ்வளவே.

ஆதலின், ஒரு முறை வரலாற்று முறையா அன்றா என்பதற்கு நாம் கேட்கவேண்டிய வினா எளிது: அம்முறை நம் விருப்பத்திற்கு மாறாக 'இல்லை' என்று சொல்ல வல்லதா? கவைக்கோல் பிடித்தவர் எண்ணத்திற்கு இசைந்தே தாழும். மை கேட்டவர் ஆவலுக்கேற்பவே விளங்கும். மண்படையும் கல்வெட்டும் கரிமக் கணிப்பும் சில வேளைகளில் நம்மை மறுக்கும். நம் பெருமையைக் குறைக்கும். நம் துயரத்திற்கு விடையளியாது நிற்கும். மறுக்க வல்ல சான்று உறுதிப்படுத்தும்போதே அவ்வுறுதி எதிரியின் முன்னும் நீதிமன்றின் முன்னும் நிலைபெறும். நகரத்தையும் புதைகுழிகளையும் ஒருங்கே மூடிக் கிடக்கும் மன்னார் மண்ணில், அத்தகைய சான்றைப் பொறுமையோடு தேடித் தருவது இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் ஆய்வாளர் செலுத்தவேண்டிய கடனாகும்.