தப்பைக் காய்ச்சுறவங்களும் குறை சொல்றவங்களும்

பெரகல சந்தியில் பஸ் மாறாத ஊவாக்காரர் குறைவு. இரத்தினபுரி பக்கமிருந்து வரும் ரோடு இங்கே இரண்டாகப் பிரியும். ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை என்று மேலே ஏறும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். சிங்களத்தில் ‘பெர’ என்றால் மேளம், ‘கல’ என்றால் பாறை. மேளத்தைப் பேரிலேயே வைத்திருக்கும் இந்தச் சந்தியைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் ஒரு மேளத்துக்கு நீண்ட கதை உண்டு. அதுதான் தப்பு.

இந்தக் கதையை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம்ம பொடியன்கள், பிள்ளைகள் பலர் ஃபோனிலேயே பீட் போடுகிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள். போட்டதை நண்பர்களுக்கு அனுப்பினால் வருகிற பதில் இரண்டே வகை. ஒன்று, “சூப்பர் மச்சான்”. இல்லாவிட்டால் மௌனம். இரண்டிலுமே கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் இசைக் கல்லூரிக்குப் போனதில்லை. பகல் முழுக்கக் கொழுந்து எடுத்து, கவ்வாத்து வெட்டி, ராத்திரியில் பாடியவர்கள். அவர்களுடைய சத்தம் எப்படித் தேறியது? எங்கள் பதில் சுருக்கமானது. பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்ல ஆள் இருந்தது. ஆனால் யாருக்குக் குறை சொல்ல உரிமை இருந்தது, யாருக்குப் பதில் சொல்ல உரிமை இருந்தது என்பதில்தான் முழு வரலாறும் இருக்கிறது.

பதில் சொல்ல முடியாத சத்தம்

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டபோது, அவர்களோடு தப்பும் வந்தது. ஊரில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அடித்த அதே தப்பைத் தோட்ட நிர்வாகம் வேறு ஒரு வேலைக்கும் எடுத்துக்கொண்டது. விடியுமுன்னே ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு வரவழைக்கிற வேலை. ஆங்கில ‘பரேட்’தான் நம்ம வாயில் ‘பெரட்டு’ ஆனது. பேர் கூப்பிட்டு, ஆள் கணக்கெடுத்து, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்பும் இடம் அது. அதற்கு அடித்ததால் அது பெரட்டுத் தப்பு.

கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் இந்த விடியற்காலைத் தப்பு ஒலிக்கும். சக்தீ பாலையா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். இசையாக எடுத்துக்கொண்டால் பெரட்டுத் தப்பில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அதை யாரும் திருத்த முடியாது. “இன்றைக்கு அடி சரியில்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்க முடியுமா? கேட்டவுடன் எழும்ப வேண்டியதுதான். ஒரு பக்கம் மட்டும் பேசுகிற சத்தம் அது.

ராத்திரித் தப்பு

அதே தோல், அதே குச்சி. ஆனால் மாசி மாதம் காமன் நட்டுவிட்டால் ராத்திரியில் அதன் குணமே மாறும். காமன் கூத்தில் ரதியும் மதனும் ஆடி வருவதற்கு ஒரு நடை. எமனோ வீரபத்திரனோ களத்துக்குள் பாய்வதற்கு வேறு நடை. சிவன் மதனை எரித்தபின் ரதி புலம்பும்போது தப்பு அடங்கிப் போக வேண்டும். ஆட்டக்காரர் காலைப் பார்த்து அடிக்காவிட்டால் கூத்து நிற்கும்.

இதற்குள் நுணுக்கமான ஒலி வேலை இருக்கிறது. தப்பு என்பது மரச் சட்டத்தில் மாட்டுத் தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைத்தது. அடிக்க இரண்டு குச்சி. ஒரு கையில் தடித்துக் குட்டையான அடிகுச்சி, மற்றதில் மெல்லிசான நீட்டுச் சிண்டுக்குச்சி. அடிகுச்சி கனத்த சத்தத்தைக் கொடுக்கும், சிண்டு சுள்ளென்று வெட்டும். ஒரே தோலில் இரண்டு குரல்.

அப்புத்தளைப் பக்கத்து மூடுபனி தோலுக்குப் பகை. ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சத்தம் தொளதொளக்கும். அதனால்தான் தீ மூட்டிக் காய்ச்சுவது. சூட்டில் ஈரம் போகும், தோல் இறுகும், சுருதி ஏறும். கொஞ்சம் கூடினால் தோல் வெடித்துப் போகும். எப்போது போதும் என்பதற்கு மீட்டர் கிடையாது, காதுதான். ஒருத்தர் காய்ச்சுவார், தட்டிக் காட்டுவார். தீயைச் சுற்றி நிற்பவர்கள் “இன்னும் ஏறல”, “போதும் எடு” என்பார்கள். இன்றைக்கு ‘சவுண்ட் டிசைன்’ என்கிறோமே, அதை அவர்கள் தீயோரத்தில் கூட்டாகச் செய்தார்கள்.

பயிற்சியும் அப்படித்தான் நடந்தது. நம்ம ஊரில் லயம் என்றால் வீடு. இசைக்காரர் வாயில் லயம் என்றால் தாளக் கட்டு. வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒருத்தர் பாடிப் பழகினால் முழு லயத்துக்கும் கேட்கும். இஸ்தோப்பில் இருக்கிற கிழவி ஒரு அடி தப்பினாலும் சொல்லிவிடுவாள், ஏனென்றால் அவளும் சின்ன வயதிலிருந்து அதே கூத்தைப் பார்த்தவள். அவள் காதுக்குத் தப்பி ஒரு பாட்டும் களத்துக்குப் போக முடியாது.

குறை சொல்லும் உரிமை எல்லாருக்கும் இருந்ததா?

இதை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொய்யாகிவிடும். தப்பை யார் அடிக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. சாவு வீட்டில் அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அடி சரியில்லை என்று ஏச எல்லாருக்கும் வாய் இருந்தது. அடித்தவருக்குத் திருப்பிப் பேச இடம் இல்லை. அந்த விதத்தில் ஊர்க்காரர் சொன்ன குறையும் பெரட்டுத் தப்பு மாதிரி ஒருவழிப் பேச்சுதான். “எங்க அப்பாவோட இது முடியட்டும்” என்று தப்பைக் கீழே வைத்த குடும்பங்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். கலை அழியுது என்று புலம்புகிறவர்கள் முதலில் அந்த வாசலைப் பற்றிப் பேச வேண்டும்.

தப்பைத் திரும்பக் கையில் எடுத்தவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் எடுத்தார்கள். இன்றைக்கு ஊர்வலங்களிலும் மேடைகளிலும் பெண்களும் பறை அடிக்கிறார்கள். சென்னையில் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017இல் தொடங்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் வைத்து, எந்தச் சத்தம் மேடைக்கு வரலாம் என்பதையே கேள்வியாக்கியது.

தெரிந்த மெட்டு, புது வரி

தோட்டத்தில் பாட்டை அரசியலுக்குக் கொண்டுவந்தவர்களில் மீனாட்சி அம்மாள் முக்கியமானவர். அவருடைய கணவர் கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் பாடினார். அவருடைய பாட்டுகள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பேரில் புத்தகமாக வந்தன.

அவர் ஜனங்களுக்கு ஏற்கனவே பழகிய மெட்டுகளில் புது வரி வைத்தார். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கக் கூடாது. மெட்டுத் தெரிந்த கூட்டம் முதல் தடவையிலேயே கூடச் சேர்ந்து பாடும். வரி உட்காரவில்லை என்றால் அதே கூட்டத்தின் நாக்குத் தடுக்கும். பாடிய இடத்திலேயே அபிப்பிராயம் கிடைத்துவிடும்.

தஞ்சைப் பக்கத்து லாவணியில் இதுவே போட்டியாக நடந்தது. மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி. எதிர்க்கட்சி பாடியதில் ஓட்டை கண்டுபிடித்துப் பாட்டாலேயே பதில் கொடுக்க வேண்டும். குறை சொல்கிறவரும் பாடித்தான் ஆக வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்தது.

செட்டு கலைந்த காலம்

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. நாட்டு வாரியாகப் பிரித்தபோது குடும்பங்கள் மட்டுமா உடைந்தன? கூத்துச் செட்டும் உடைந்தது. அடிக்கிறவர் கப்பல் ஏறினால் ஆடுகிறவருக்குக் கால் தெரியாது. பாடுகிறவர் இங்கேயே இருந்தாலும், தப்பு விட்டால் சொல்ல அந்தக் கிழவி நீலகிரியில் இருப்பாள். சி.வி. வேலுப்பிள்ளையும் சாரல்நாடனும் மலையக வாய்மொழிப் பாட்டுகளைத் தேடி எழுதிவைத்ததை நாம் மறக்க முடியாது. ஆனால் புத்தகம் வரியைத்தான் காப்பாற்றும். “இந்த இடத்தில் இழு” என்று சொல்கிற காதை அச்சில் ஏற்ற முடியாது.

அப்படிப் போனவர்களின் குரல் பல வருஷம் கழித்து உலகத்துக்கே கேட்டது. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டுக்குத் தன் பாட்டி வள்ளியம்மாளின் கதைதான் வேர் என்று அறிவு சொன்னார். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். ஒப்பாரியின் சாயல் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. ஒப்பாரியே கூட்டு இசைதான். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், சுற்றி இருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வருஷம், 2022இல், அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் அறிவு, சந்தோஷ் நாராயணன், தீ ஆகியோரின் அறிக்கைகளாகப் பொதுவெளிக்கு வந்தது. யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை. பலர் சேர்ந்து செய்கிற இசையில் பேர் போடுவதை முதலிலேயே பேசிவிட வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

இப்போது ஃபோனில்

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள நாலு விஷயம் இருக்கிறது.

ஒன்று, சத்தத்தை நீங்களே பிடியுங்கள். நெட்டில் கிடைக்கிற ரெடிமேட் பறை லூப்பில் உங்கள் மலையின் பனி இருக்காது. தப்பைக் காய்ச்சியபிறகு, ஃபோனைக் கிட்ட வைக்காமல் சில அடி தள்ளி வைத்துப் பதியுங்கள். கிட்டே வைத்தால் சத்தம் உடையும். ஃபோனின் இரைச்சல் குறைக்கும் வசதி பேச்சுக்காகச் செய்தது. அது தப்பின் அதிர்வையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

இரண்டு, குறை சொன்னால் இடத்தைச் சொல்லுங்கள். “நல்லா இல்ல” என்பது யாருக்கும் உதவாது. “ரெண்டாவது சரணத்தில் தப்பு குரலை மூடுது” என்றால் செய்தவருக்குத் திருத்த வழி தெரியும். தீயோரத்தில் நின்றவர்கள் சொன்னதும் அவ்வளவுதான்: இன்னும் ஏறல, போதும் எடு.

மூன்று, குறை கேட்டவருக்குப் பதில் சொல்ல உரிமை கொடுங்கள். “வேணும்னுதான் அப்படி வெச்சேன்” என்று அவர் சொன்னால் இன்னொரு தரம் கேளுங்கள். வாசலுக்கு வெளியே நின்று அடித்தவருக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை.

நாலு, பேரைப் போடுங்கள். பாட்டியிடம் கேட்ட தாலாட்டு என்றால் பாட்டி பேர். தாளம் அண்ணன் சொல்லிக் கொடுத்தது என்றால் அண்ணன் பேர்.

பெரட்டுத் தப்புக்கு நம்ம ஆட்கள் ராத்திரியில் அதே தப்பால் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து செய்தது அல்ல. அடுத்த பாட்டை அனுப்பும்போது “எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எந்த இடத்தில் தளருது?” என்று கேளுங்கள். அனுப்புங்கள், நாங்களும் கேட்டுச் சொல்கிறோம்.