குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டல்: குமரி மாவட்டம்

எழுத்தறியாத, அல்லது அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு வீட்டில் பெரியவர் ஒருவர் நூலைப் பார்த்து உரக்கப் படித்துக் காட்டும் வழக்கம். கதை சொல்வது இதில் சேராது. அதற்கு ஏடும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் உரக்க வாசிக்கும் மரபு நெடுங்காலமாக உண்டு. ஆனால் வாசிப்பவரும் கேட்பவரும் யார் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பெரியவர்களுக்காக நடந்த வாசிப்பைப் பிள்ளைகள் முதலில் ஓரமாக இருந்து கேட்டார்கள். பள்ளி வந்தபின், படிக்காத பெரியவர்களுக்குப் பிள்ளைகளே வாசித்தார்கள். பிள்ளைக்காகவே பெரியவர் நூலை எடுத்தது கடைசியாகத்தான்.

ஓரமாக இருந்து கேட்ட வாசிப்புகள் பல. கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் மலையாள வீடுகளில் கர்க்கடக மாதம் முழுவதும் விளக்கேற்றி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டை வாசிப்பது வழக்கம். தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவில் ஆண்டுதோறும் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் ஓதுகிறார்கள். சாமித்தோப்பில் கார்த்திகையில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது; அய்யாவழியினரின் நிழல் தாங்கல்களிலும் அந்த வழக்கம் உண்டு. அங்கே வாசிக்கப்படும், 1841ஆம் ஆண்டைச் சேர்ந்த அகிலத்திரட்டு அம்மானை 1939இல்தான் அச்சேறியது. அதுவரை அது ஓலையில் இருந்து ஒருவர் படிக்க ஊரே கேட்ட நூல். மடியில் கிடந்த பிள்ளைக்கு அதன் பொருள் பிடிபட்டிருக்காது, ராகம் பிடிபட்டிருக்கும். மொழி காதில் ஏறுவதற்கு இது சிறிய பயிற்சி அல்ல என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளை வாயிலிருந்து வீட்டுக்கு நூல் போன கதை கடற்கரையில் தொடங்குகிறது. பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் சிறுவர்களுக்குத் தமிழில் செபங்களை மனப்பாடம் செய்வித்து, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார். 1544இல் அவர் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்து முக்குவர் ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்தார். புத்தகம் இல்லாத காலத்துப் பாடம் அது. பிறகு 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூல் ‘தம்பிரான் வணக்கம்’கூடப் பதினாறே பக்கம் கொண்டது.

லண்டன் மிஷன் சபையின் மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1819இல் அதே சபையின் சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா நடத்திய பெண்கள் பள்ளியில் எழுத்தோடு ரேந்தை பின்னலும் கற்றுக்கொடுக்கப்பட்டது. பின்னல் வருமானம் பள்ளிக்கும் பிள்ளைகளுக்கும் உதவியது. இந்தக் கட்டுரைப் பொருளின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் வாசிக்கத் தெரிந்த தாய் இல்லாமல் மடியில் வைத்து வாசிப்பது ஏது? லண்டன் மிஷன் சபைக் குடும்பங்களில் இரவுச் செபத்தின்போது வேதப்பகுதியை ஆளுக்கொரு வசனமாக வாசிப்பது நிலைத்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளை வாசிக்கும், எழுத்தறியாத பாட்டா கேட்பார், கைக்குழந்தையும் கேட்கும். தமிழின் முதல் சிறுவர் இதழாக இதழியல் வரலாறுகள் குறிப்பிடும் ‘பாலதீபிகை’ 1840இல் நாகர்கோவிலில் வெளிவந்ததும் இந்தச் சூழலில்தான்.

திருவிதாங்கூர் ஆட்சியில் இன்னொரு சிக்கல் இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் பலர். தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையே பள்ளியில் மலையாளம் படித்தவர். தமிழை அவர் வாணன் திட்டு மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். எழுத்தாளர் சுந்தர ராமசாமி தமிழ் எழுதப் படிக்கக் கற்றது பள்ளிக்கு வெளியே, இளைஞரான பின்புதான். அத்தகைய வீடுகளில் தமிழ் நூலைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட முதலில் பெரியவருக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைப் பாடல்களில் கவிமணியின் சாதனையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் பணியாற்றி 1931இல் ஓய்வு பெற்றவர். பசு, கிளி, காக்கை, பொம்மை என்று குழந்தை கண்ணால் காண்பவற்றைச் சிறு சிறு அடிகளில் பாடினார். ஆங்கிலக் குழந்தைப் பாடல்கள் சிலவற்றையும் அயல்வாடை தெரியாமல் தமிழாக்கினார். ‘மலரும் மாலையும்’ 1938இல் வெளிவந்தது. அவருடைய குழந்தைப் பாடல்களில் ஓரிரண்டில் அறிவுரை தூக்கலாகத் தெரியும். மற்றவை வாசிக்க வாசிக்கத் தாமே பாட்டாகிவிடும். வாசிக்கத் தடுமாறும் தாய்க்கும் அவை கைகொடுக்கும்.

அடுத்த தலைமுறையில் அழகியபாண்டியபுரத்துக் கிருஷ்ணன் நம்பி (1932–1976) ‘சசிதேவன்’ என்ற பெயரில் ‘கண்ணன்’ இதழில் குழந்தைப் பாடல்கள் எழுதினார். அவை ‘யானை என்ன யானை?’ என்ற நூலாக 1965இல் வந்தன. சிறுகதையாளராக அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்த நூலை மறந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை, குறும்பில் அவர் கவிமணியைத் தாண்டிச் சென்றவர். சிறுவர் இதழான ‘அம்புலிமாமா’வும் 1947 முதல் வந்தது. மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்த பிறகு பள்ளித் தமிழும் பரவியது.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழகத்திலேயே அதிகம் இதுதான். ஆக, வாசிக்கத் தெரிந்த பெற்றோருக்குக் குறைவில்லை; ஆனால் மாலைப் பொழுதைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வீட்டுப்பாடமும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தெருவுக்குத் தன்னார்வலரைக் கொண்டுவந்தது, ஆனால் அது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2014இல் கைக்குழந்தைப் பருவத்திலேயே வாசித்துக் காட்டத் தொடங்குமாறு பெற்றோருக்குப் பரிந்துரைத்தது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நூல் கொடுக்கும் ‘புக்ஸ்டார்ட்’ பிரிட்டனின் பர்மிங்காமில் 1992இல் தொடங்கியது. குமரியின் நூலகங்களோ அங்கன்வாடிகளோ இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தால் முதல் நூலுக்கு அலைய வேண்டாம். கவிமணி 1954இல் மறைந்தார். அவர் பாடல்களின் பதிப்புரிமைக் காலம் 2014உடன் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக் கொடுக்கலாம்.