சென்னைக்கு எத்தனை நாழிகை?

பம்பாயில் குடியேறிய தமிழரை நோக்கி, "உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?" என்று வினவினால், அவர் மைல் கணக்குச் சொல்வதில்லை, "இரண்டு இரவுப் பிரயாணம்" என்பார். தூரத்தைக் காலத்தால் அளப்பது நம்மவர் வழக்கம். அந்தக் காலம் சுருங்கிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

மும்பைக்கும் சென்னைக்கும் இடையே வானில் நேர்கோடாக அளந்தால் ஏறக்குறைய 1,030 கிலோமீட்டர். இருப்புப்பாதை வழியே சுமார் 1,280. இவ்விரு நகரங்களிலிருந்தும் வளர்ந்து வந்த ரயில் பாதைகள் 1871-ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் இணைந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரும், அலுவலக வேலை நாடி மாதுங்கா சேர்ந்தோரும், பின்னாளில் செம்பூரில் குடியமர்ந்தோரும் ரயிலையே நம்பி வாழ்ந்தனர்.

வான்வழி பிறந்தது 1932-இல். அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் கொண்ட 'புஸ் மாத்' விமானத்தைச் செலுத்தி, ஆமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்டவர் நெவில் வின்சென்ட். வழியில் பல்லாரியில் இரவு தங்கி, மறுநாளே அவர் சென்னையை அடைந்தார். அதே 1932-இல்தான் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றியது.

விமானம் முதலில் சுமந்தது மனிதரையன்று, கடிதங்களையே. இச்சேவையின் முதலாண்டில் பிரயாணம் செய்தோர் 155 பேர் மட்டுமே. தபாலோ ஏறத்தாழ 10 டன். 1949-இல் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. பம்பாய், சென்னை, கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. மாலையில் பம்பாயில் சேர்த்த கடிதம் மறுநாட் காலையில் சென்னை சேர்ந்தது.

எனினும், எழுதியவர் ரயிலிலேயே சென்றார். தாய் மறைந்தாள் என்ற தந்தி சில மணி நேரத்தில் தாராவிக்கு வந்துவிடும். மகன் ஊர் சேரும்போதோ ஈமக்கடன் முடிந்திருக்கும். செய்திக்குக் குறைந்த தூரம், செய்தியைப் பெற்றவருக்குக் குறையவில்லை. அயலில் பிழைக்கச் சென்றோர் பலரின் ஆறாத துயரம் இது.

இன்று மும்பையிலிருந்து சென்னைக்கு விமானம் சுமார் இரண்டு மணி நேரத்தில் செல்கிறது. ஆயினும் சென்னையில் இறங்கிய நெல்லைக்காரருக்கு இன்னும் சுமார் 650 கிலோமீட்டர் மீதமிருக்கிறது. அவசரத்தில் வாங்கும் விமானச் சீட்டின் விலையும் உயர்ந்துவிடுகிறது. ஆகையால் எத்தனையோ குடும்பங்களுக்கு ரயிலே இன்றும் ஊர் வழி.

விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் கொண்டு ஊரின் தூரத்தைக் கணித்துவிட இயலாது. வேண்டிய வேளையில் வீட்டு வாயிலை அடைய முடிகிறதா என்பதே நமக்கு உண்மையான அளவுகோல்.